கதவுக்குப் பின்னால் அப்பாவின் துப்பாக்கி

அக்டோபர் 6, திங்கள்

மழை இல்லை. காலமான அப்பாவின் வீட்டைக் காலி செய்து முடித்தேன். அவருடைய வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் எல்லோரும் வைப்பதுபோல, சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன். என் கணவன் ஹார்லன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை.

“இது எதுக்கு இங்க, வெர்னா? என்னை மறுபடி உள்ள தள்ளவா?”

இருபது வயதில் அடுத்தவன் மாடுகளை லாரியில் ஏற்றி விற்றுவிட்டுச் சிறைக்குப் போனவன். அதெல்லாம் முடிந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. சிறைக்குப் போய் வந்தவன் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம் என்று இன்னும் பயம்.

அக்டோபர் 7

காபிக் கடையில் ஷெரிஃபைப் பிடித்துக் கேட்டேன். “வெளிய வந்து அஞ்சு வருஷம் தாண்டியாச்சில்ல? வீட்டுக்குள்ள வெச்சுக்கட்டும். வாசப்படி தாண்டினாத்தான் நான் வருவேன்” என்றார். ஹார்லனிடம் சொன்னேன். தலையாட்டினான். ஆனாலும் அந்தக் கதவுப் பக்கம் போகவே இல்லை.

அக்டோபர் 15

வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “ஷெரிஃப் சொன்னது டெக்சாஸ் சட்டம்மா. வாஷிங்டன்ல போட்ட மத்திய அரசு சட்டப்படி உன் புருஷன் கைக்கு எட்டுற இடத்துல இருந்தாலே குத்தம். துப்பாக்கி உன்னோடதா இருந்தாலும் சரி.”

“அப்ப எந்தச் சட்டம் செல்லும்?”

“யார் பிடிக்கிறாங்களோ அவங்க சட்டம்.”

ஒரே சமையலறை. ஒரு சட்டத்துக்கு அவன் குடும்பஸ்தன், இன்னொன்றுக்குக் குற்றவாளி. நல்ல நாடு!

அக்டோபர் 16

துப்பாக்கியைத் தங்கை ஓப்பல் வீட்டில் கொடுத்துவிட்டேன். ஹார்லன் இன்று சிரித்துப் பேசினான்.

அக்டோபர் 21

துப்பாக்கி மறுபடி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. யாரோ புதிதாக எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

“நான் தொடல வெர்னா. சத்தியமா தொடல.” மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஓப்பலைக் கூப்பிட்டேன். “என்னக்கா விளையாடுற? நேத்து நீதானே வந்து எடுத்துட்டுப் போன? நான் சுட்ட பெக்கான் பை நல்லாருக்குன்னு கேட்டு வாங்கித் தின்ன. அப்பா தொப்பியைப் போட்டுக்கிட்டு வந்தியேன்னு கேலிகூடப் பண்ணேன்.”

நேற்று நான் எங்கேயும் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில் ஜன்னல் திரைகளைத் துவைத்தேன்.

போய்ப் பார்த்தேன். திரைகள் ஜன்னலிலேயே தொங்குகின்றன. தட்டினால் தூசி பறக்கிறது.

அக்டோபர் 22

துப்பாக்கியோடு மறுபடி ஓப்பல் வீடு. “நானே வந்து கேட்டாலும் குடுக்காதே” என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஹார்லனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதைச் சொல்வது?

அக்டோபர் 29

ஓப்பலுக்குப் போன் செய்யப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 3

ஐயோ. பிடிச்சிட்டாங்க.

ஆடுகளை விற்கப் போன ஹார்லனை நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஷெரிஃபின் ஆட்கள் இல்லை, மத்திய அரசின் ஆட்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், போர்வைக்கு அடியில் அப்பாவின் துப்பாக்கி. தனக்கு எதுவுமே தெரியாது என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். யார் நம்புவாங்க? இந்த வயசுல மறுபடி ஜெயிலா? தாங்குவானா?

நவம்பர் 4

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். “வண்டியில வெச்சது யாரும்மா?”

“நான்தான்.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஞாயித்துக்கிழமை அவன் தூங்குறப்ப வெச்சேன்.”

அவனைக் காப்பாற்ற வாய்க்கு வந்த பொய். வெளியே வந்ததும் ஓப்பல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “குடுக்கக் கூடாதுன்னுதான்க்கா இருந்தேன். ஞாயித்துக்கிழமை வாசல்ல நின்னு அந்த அழுகை அழுதியே, என்னால முடியல.”

நவம்பர் 14

ஹார்லன் வந்துவிட்டான். வழக்கு இல்லை. என் வாக்குமூலத்தையும் ஓப்பலுடையதையும் நம்பிவிட்டார்கள். துப்பாக்கி அவர்களிடமே இருக்கட்டும்.

இறைச்சி வறுத்து வைத்தேன். சாப்பிட்டான். பிறகு கேட்டான்: “என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்ன?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவனிடம் பொய் சொன்னதில்லை.

“தெரியல, ஹார்லன்.”

தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தான். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இப்போது உள்பக்கமாக ஒன்று பொருத்திக்கொண்டிருக்கிறான். திருகாணி இறங்கும் சத்தம் இங்கே கேட்கிறது.