வாரத்துக்கு விட்ட மயிலை

கடலாடி,
19-1-2008.

அன்புள்ள மச்சானுக்கு,

முருகேஸ்வரி எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உங்களுக்கு இருமல் நின்றுவிட்டதா? போன வாரம் போனில் பேசும்போது நடுநடுவே இருமினீர்கள். கேட்டதற்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவருக்கு ஏது ஏசி என்று அப்போதே கேட்க வாய் வரை வந்தது, பக்கத்தில் அத்தை நின்றதால் விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் வாங்கி அனுப்பிய போன் அத்தையின் இடுப்பில்தான் இருக்கிறது. சத்தமாகக் கேட்க வைக்கும் பொத்தானை யாரோ அவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் ஹலோ சொன்னால் வாசலில் கோலம் போடுகிறவளுக்கும் கேட்கிறது. அதில் நான் என்னத்தைப் பேசுவது? சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், சாப்பிட்டாயா என்பீர்கள், அதோடு முடிந்துவிடும். தவசி அண்ணன் செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறார். இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அவர் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். பூதம் பிடிக்கிற புது வீடியோ கேம் ஆட்டமும் அதை ஆடுகிற புது மெஷினும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கூட இருந்த சீட்டில், ஆட்டம் எப்படி இருக்கிறது, பழசுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா, விவரமாக எழுது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். அடியில் ஒரே ஒரு வரி: இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரி. ஒரு பக்கம் கேட்டதற்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஒரு வரிக்குப் பிறகு வருகிறேன்.

குறை மட்டும் சொல்கிறவள் என்று பெயர் வாங்க எனக்கு ஆசை இல்லை. புது ஆட்டம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மெஷினை மடித்தால் பவுடர் டப்பா மாதிரி அடங்கிவிடுகிறது. திரையே இரண்டு. மழை பெய்தால் குட்டையில் வட்டம் வட்டமாக விழுவது தெரிகிறது. கடல் வருகிற இடத்தில் பாட்டு அவ்வளவு இதமாக இருக்கிறது, அங்கேயே பூதத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே இருட்டினால் ஆட்டத்திலும் இருட்டுமாம். ஆனால் நீங்கள் அதில் சிங்கப்பூர் நேரத்தை வைத்து அனுப்பிவிட்டீர்கள். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே அதில் அந்தி சாய்கிறது. நான் அதை மாற்றவில்லை. உங்களுக்கு அங்கே பொழுது சாய்ந்துவிட்டது, வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள் என்று தெரிகிறதே.

இனி குறையைக் கேளுங்கள். பழைய ஆட்டத்தில் இருந்த பூதம் எல்லாவற்றையும் நாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இதில் அதைப் போல மூன்று மடங்கு. எண்ணிக்கை கூட்டவே செய்தது போலச் சில பூதங்கள். ஒன்று பூட்டு மாதிரி, ஒன்று மூடி போன பிளாஸ்டிக் வாளி மாதிரி. பழசில் ஒவ்வொன்றுக்கும் எங்கள் அய்யா வீட்டு மாடுகளின் பெயரை வைத்தோமே, செவலை, மயிலை, காரி என்று. வாளிக்கு என்ன பெயர் வைப்பது?

அதைவிடப் பெரிய எரிச்சல், இந்த ஆட்டம் நம்மை வழி தவற விடுவதே இல்லை. நாலு அடி வைத்தால் ஒருவர் வந்து இப்படிப் போ என்கிறார், இன்னொருவர் அம்புக்குறி காட்டுகிறார். பழசில் அந்த இருட்டுக் குகைக்குள் மாட்டிக்கொண்டு உங்கள் லீவில் பாதியைத் தொலைத்தோமே, நினைவிருக்கிறதா? வெளியே வந்த அன்று நீங்கள் போட்ட சத்தத்தில் அத்தை பாம்பு என்று கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இதில் குகைக்குள் போனேன், வந்தேன். யாரிடமும் சொல்ல ஒன்றும் இல்லை.

சிங்கப்பூர் பிளக்கு இங்கே எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. அதற்கு ஓர் அடாப்டர் வாங்க ராமநாதபுரத்தில் சலாஹுதீன் அண்ணன் செல்போன் கடைக்குப் போனேன். நாம் முன்னால் பழைய மெஷின் கேபிளை ஒட்டக் கொடுத்த அதே கடைதான். மெஷினைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்தோடு அந்தக் கம்பெனிக்காரனுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது, அப்புறம் வந்ததெல்லாம் பெயிண்ட் வேலை என்று ஒரே தீர்ப்பு. கல்லூரியில் படிக்கிற அவர் தங்கை கனி கல்லாவில் இருந்தாள். அவள் ஆரம்பித்ததே புதிதில்தானாம். சண்டைக்கு வந்துவிட்டாள். பழசு செங்கல் மாதிரி இருக்கும், கலரும் கிடையாது, பூதம் எல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி தெரியும், அதைப் போய்ப் பெருமை பேசுகிறீர்கள் என்றாள். இருவருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். அண்ணன் பக்கம் பேசினால் புதிதில் கடலோரப் பாட்டு நினைவுக்கு வருகிறது, கனி பக்கம் பேசினால் குகை நினைவுக்கு வருகிறது. கடைசியில் கனி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “அக்கா, ஒங்களுக்குப் புடிச்சது ஆட்டமே இல்ல. கூட ஒக்காந்து ஆடுன ஆளு” என்றாள். சலாஹுதீன் அண்ணன் எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். என்னால் நிமிர முடியவில்லை.

அவள் சொன்னது பொய் இல்லை மச்சான். முறை மாப்பிள்ளைதான் என்றாலும், கல்யாணமான புதிதில் உங்களோடு எனக்குப் பேச்சே வராது. நீங்கள் பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த அந்த இரண்டு மெஷினும்தான் நம்மைப் பேச வைத்தன. என்னிடம் இருக்கிற பூதம் உங்களிடம் இருக்காது, உங்களிடம் இருப்பது எனக்குக் கிடைக்காது. கேபிளைச் செருகி மாற்றிக்கொண்டால்தான் உண்டு. கேபிளோ ஒரு முழம்தான். தலையோடு தலை முட்டத்தான் உட்கார வேண்டும். அத்தை எட்டிப் பார்த்து, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். புது மெஷினில் கேபிள் இல்லை. இன்டர்நெட் இருந்தால் ஜப்பானில் இருக்கிற யாரோடு வேண்டுமானாலும் பூதத்தை மாற்றிக்கொள்ளலாமாம். ஜப்பான்காரன் பூதம் எனக்கு எதற்கு?

இப்போது மயிலை விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் அன்று போனில், மயிலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பழைய மெஷினைக் கடையில் போட்டுவிட்டுத்தான் இந்தப் புதிதை வாங்கினேன் என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். அப்புறம் சிரித்தீர்கள். பின்னால் அத்தையும் சிரித்தார்கள், என்ன என்று தெரியாமலே.

போன லீவு முடிந்து நீங்கள் கிளம்பும்போது நாம் என்ன பேசிக்கொண்டோம்? உங்கள் செவலை என்னிடம், என் மயிலை உங்களிடம், வாரத்துக்கு. நீங்கள்தான் அந்த வார்த்தையையே சொன்னீர்கள். வளர்க்கிறவருக்கு முட்டையில் பாதி, திரும்பி வந்ததும் அவரவர் உருப்படி அவரவரிடம். வாரத்துக்கு வாங்கிய மாட்டை நம் ஊரில் எவனாவது சந்தையில் விற்றிருக்கிறானா? கன்றில் பாதியை எடுத்துக்கொள்வான், தாயைக் கொண்டுவந்து சொந்தக்காரன் தொழுவத்தில் கட்டிவிடுவான். விற்றால் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். நான் யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது?

வாங்கினவன் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருப்பான் என்று சலாஹுதீன் அண்ணன் சொன்னார். மயிலையை நான் முட்டையிலிருந்து வளர்த்தேன். ஆட்டம்தானே, இதற்குப் போய் அழுவாளா என்பீர்கள். அழுதேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் புதிது வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டுத்தான் செய்தீர்கள். அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. கோபப்படவும் முடியவில்லை. நாம் பேசிக்கொண்டது உங்களுக்கு மறந்தே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

செவலையைப் புது ஆட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஒரு தடவை போனால் பழசுக்குத் திரும்பி வர முடியாது என்று கனி சொன்னாள். நான் அனுப்பவில்லை. போகத் தெரிந்து திரும்பத் தெரியாத அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை.

நெல் முற்றிவிட்டது, அடுத்த வாரம் அறுப்பு. ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மிளகாய் பூவெடுத்திருக்கிறது. கருத்தம்மாள் சித்தி பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்தார்கள். நான் மெஷினோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார்கள். காட்டில் திரிகிற பூதங்களைப் பிடித்து வளர்த்து, அடுத்தவர் பூதத்தோடு சண்டைக்கு விடுகிற ஆட்டம் என்றேன். “ஊருல புள்ளய வளப்பாக, இவ பூதத்த வளக்குறா” என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பரிமாறிக்கொண்டே சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கு மறுநாளே அத்தை என்னைக் கிளப்பிக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். இதைப் போனில் உங்களிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா எல்லாம் பார்த்தார். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார். ஐந்தாகப் போகிறது என்றேன். வீட்டுக்காரர் எங்கே என்றார். சிங்கப்பூர் என்றேன். இந்த ஐந்து வருஷத்தில் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது எத்தனை மாதம் என்று கேட்டார். விரலை மடக்கினேன். கல்யாண லீவு, அப்புறம் வந்த லீவு. ஒரு கையிலேயே விரல் மிச்சம் இருந்தது. அவர் எழுதுவதற்கு எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார். “மருந்து எதுக்கும்மா? ஆள வரச் சொல்லு” என்றார்.

அத்தை பஸ் ஸ்டாண்டில் டீகூட வேண்டாம் என்றுவிட்டார்கள். பஸ் சிக்கல் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, “மாடி எங்கயும் ஓடிப் போயிராது. அவன வரச் சொல்லி நான் சொன்னேன்னு எழுது. போன்ல சொன்னா சிரிச்சே மழுப்பிருவான்” என்றார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வந்து என்ன வேலை பார்ப்பது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். உச்சிப்புளியில் அய்யாவுக்குத் தெரிந்தவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார், நல்ல வெல்டர் கிடைக்காமல் திண்டாடுகிறார் என்று அய்யா சொன்னார். சிங்கப்பூரில் வருகிற மாதிரி வராது. அதை மறைத்து எழுதினால் வந்த பிறகு நீங்கள் என்னைத்தான் கேட்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய சீட்டில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். இந்த ஆட்டம் நெடுக ஓடும், இரண்டு வருஷம் போவதே தெரியாது என்று. தெரியும் மச்சான். ஒவ்வொரு நாளும் தெரியும். எனக்குப் பொழுது போகவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? காட்டு வேலை இருக்கிறது, வீட்டு வேலை இருக்கிறது, பொழுது அதுபாட்டுக்குப் போகிறது. போகிறதே என்றுதான் பயமாக இருக்கிறது.

தவசி அண்ணன் உங்கள் கையில் இதைக் கொடுக்கும்போது மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள் இருக்கும். உடனே படித்துவிடுங்கள். இருமலுக்குக் கஷாயப் பொடியும், அத்தை இடித்த கருவாட்டுப் பொடியும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். கஷாயத்தை வெறும் வயிற்றில் குடியுங்கள்.

அத்தை சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதையும் எழுதிவிட்டேன். ஆனால் அத்தை சொன்னதற்காக நீங்கள் வர வேண்டாம். டாக்டரம்மா சொன்னதற்காகவும் வர வேண்டாம். இந்த ஐந்து வருஷத்தில் நான் உங்களை வாருங்கள் என்று ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறேன். அதற்காக வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மனைவி,
வீ. முருகேஸ்வரி