எதிர்ப்பக்கத்து மணல் மூட்டை

வாயாடிக்கு,

உன் அக்கா வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? நாலு மாசம் தங்குற அளவுக்கு அங்க அப்படி என்ன இருக்குன்னு நான் கேக்கல.

நேத்து தையல் கடையை நாலு மணிக்கே பூட்டிட்டேன். நீ பத்து வருஷமா கேட்டுட்டு இருந்த படகுச் சவாரிக்குத்தான். உன்னை வரச் சொல்லி உன் அக்காகிட்டயும் சொல்லி அனுப்பியிருந்தேன். "இன்னொருத்தர் எங்க?"ன்னு படகுக்காரர் கேட்டார். வந்துட்டே இருக்காங்கன்னு வாய் கூசாம சொன்னேன். பாவம், வெயில் தாழுற வரைக்கும் அவரும் காத்திருந்தார்.

சின்னப் படகு. ஒரு பக்கம் மட்டும் ஆள் உக்காந்தா சாயுமாம். அதனால எதிர்ப்பக்கம் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வெச்சார். கால்வாய் ஓரத்து ஊரையெல்லாம் நானும் மூட்டையுமாத்தான் பாத்தோம். சூரியன் இறங்கினப்போ "அங்க பாரு"ன்னு அதுகிட்டயே சொல்லிட்டேன்.

ஒரு வீட்டுப் படியில ஒருத்தி பாத்திரம் கழுவிக்கிட்டே புருஷனை வாங்கு வாங்குன்னு வாங்கினா. படகைக் கொஞ்சம் மெதுவா விடச் சொன்னேன்.

கரை வந்ததும் மூட்டையை முதல்ல இறக்கலாம்னு கை வெச்சேன். படகுக்காரர் பதறிட்டார். "ஐயோ, அதைத் தொடாதீங்க! அது இருக்கிறதாலதான் நீங்க நேரா உக்காந்திருக்கீங்க. எடுத்தா கவுந்துடுவீங்க."

அன்னிக்கு நான் உன் பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சப்போ, இப்படிப் பதற ஒரு ஆள் இல்லாம போச்சு.

இப்படிக்கு,
இன்னும் உன் வீட்டுக்காரன்