புத்தகத்தைப் பார்க்காமல் வாசித்த பிள்ளை

காலையில் தர்ஷியின் தமிழ்ப் புத்தகத்தை விரித்ததும் ரப்பர் பால் காய்ந்த புளித்த வாடை மூக்கில் ஏறியது. முதுகு பிய்ந்து தாள் தாளாக வந்துகொண்டிருந்த புத்தகத்தை, பக்கத்து வீட்டிலிருந்து சிரட்டையில் கொஞ்சம் பால் கொண்டுவந்து நீதான் ஒட்டிக் கொடுத்தாய். "கடையில விக்கிற பசையெல்லாம் இதுக்கிட்ட நிக்காது, டீச்சரம்மா" என்றாய். ஒட்டியது இன்னும் விடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்த்தேன், ஒன்றும் ஏற்றியிருக்கவில்லை. வாசலுக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். நீ போய் நாலு மாதம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்மேடு பிளந்திருக்கிறது, பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று சொன்ன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டு வாரம் என்றார்கள். பிறகு இரண்டு மாதம் என்றார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் பாடத்தைப் போனில் அனுப்புவார், போனோ என் வீட்டுக்காரரோடு வரக்காப்பொலைக்கு வேலைக்குப் போய்விடும். மாலையில் அவர் வந்ததும் நான் பாடத்தைக் கொப்பியில் பார்த்து எழுதி வைத்துக்கொள்வேன். என் மூத்தவள் தர்ஷி இரண்டாம் வகுப்பு. கீழே ரோட்டடியில் சிங்களப் பள்ளிக்கூடம் திறந்துதான் இருந்தது. "அங்க போடுவோமே, புள்ள சும்மாதானே கெடக்கு" என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் மசியவில்லை. வருஷம் முடிவதற்குள் இவளைத் தமிழ் வாசிக்க வைத்துவிடுகிறேன், முடியாவிட்டால் உங்கள் இஷ்டம் என்று வாய்விட்டுவிட்டேன். ஓ.எல். வரை படித்தவள் என்ற திமிர்தான்.

ஒற்றைக் காம்பரா வீட்டில் பள்ளிக்கூடம் நடத்துகிற பாட்டை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டரைக்கு உட்கார்ந்தால் எட்டே முக்காலுக்குப் பைப்பில் தண்ணீர் வந்துவிடும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் மூன்று வயது இளையவள் பென்சிலைக் கடித்துத் துப்பியிருப்பாள். அவள் வாயைக் கழுவி உட்கார வைத்தால் யாராவது தேங்காய் துருவத் திருவலை கேட்டு வந்து நிற்பார்கள். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். பால் வெட்டு இல்லை, யாருக்கும் பேர் இல்லை, நாள் சம்பளமும் இல்லை, லயத்து வரிசை வீடு முழுக்க ஆட்கள். அத்தனை வீட்டு ரேடியோவுக்கும் நடுவே "ஆடு இலை தின்னும்" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருநாள் நிஜ ஆடே உள்ளே வந்து கொப்பியில் இரண்டு தாளைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் உன் வீட்டுப் பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தது எனக்குக் கேட்டது.

எல்லாமே கேட்கும். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை, தகரத்துக்குக் கீழே ஒரு முழம் திறந்தே கிடக்கிறது. நீ கடுகு தாளித்தால் நான் தும்முவேன். பதினொரு மணிக்கு நீ பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கால் கழுவும் சத்தம் வரும். அதோடு என் வகுப்பில் ஒரு பிள்ளை கூடிவிடும். "டீச்சரம்மா, அத இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க, இங்க ஒரு புள்ளைக்கு வெளங்கல" என்று சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பாய். எனக்கு வெளியே வேலை வந்தால் பொறுப்பை நீ எடுத்துக்கொள்வாய். "தர்ஷி, பெரியம்மாவுக்குக் கேக்குற மாதிரி படி!" அவளும் சத்தம் போட்டுப் படிப்பாள். பிள்ளையின் குரல் கேட்கிறதா, பாடம் நடக்கிறது என்று நானும் நிம்மதியாகத் துணி துவைத்தேன்.

அப்புறம் அந்த மழை நாள். அவித்த பலாக்காயைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து தர்ஷியின் பக்கத்தில் நீ உட்கார்ந்தாய். அவள் கடகடவென்று மூன்று பக்கம் ஒப்பித்தாள். நீ பாராட்டுவாய் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ உன் வீட்டில் மிச்சம் இருந்த காயைத் தின்னப் பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாய்.

"கோவிச்சுக்காத. புள்ள படிக்கல."

"இப்பத்தானே மூணு பக்கம் முழுசாச் சொன்னா?"

"சொன்னா. படிக்கல. சின்னவ நடுவுல தாளத் திருப்பிட்டா, இவ நிறுத்தவே இல்ல. கண்ணு எழுத்துல நிக்காம வழுக்கிக்கிட்டே போவுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நீ வாசலைப் பார்த்தாய். சுவருக்கு மேலே பார்த்தாய். இன்னும் மெதுவாகச் சொன்னாய்.

"எனக்கு எழுத்து தெரியாது புள்ள. காலையில வேல பிரிச்சுக் குடுக்குற பிரட்டுக்களத்து போர்டு முன்னால இருபது வருஷமா அப்படித்தான் நிக்கிறேன். நாலு பேர் பாக்குறப்ப கண்ண இப்படியும் அப்படியும் ஓட்டுவேன். அந்தக் கண்ணு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அதுவரை தெரியாது. யாருக்குமே தெரியாது. சம்பளத் தாளில் உன் பெயரைக் கோலம் போடப் பழகுவது போலப் பழகி வைத்திருந்தாய். இத்தனை வருஷம் பொத்தி வைத்ததை என் பிள்ளைக்காக எடுத்து என் முன்னால் வைத்தாய். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என் ஓ.எல்., என் சபதம், வீட்டுக்காரர் முகம் எல்லாம் சேர்ந்து வாயில் வந்து நின்றன.

"எழுத்தே தெரியாத நீ எனக்குப் பாடம் சொல்லித் தர வந்துட்டியா?"

கத்தினேன். மழை விட்டிருந்தது. எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி யாரோ சிரித்தார்கள். நீ மறுபடியும் சுவருக்கு மேலே பார்த்தாய். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அன்று மத்தியானமே ஒன்பதாம் பக்கத்துச் சொற்களைக் கலைத்துப்போட்டு ஒரு தாளில் எழுதி தர்ஷியிடம் நீட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஆடு இலை தின்னும்" என்றாள். அந்தத் தாளில் ஆடே இல்லை. "பெரியம்மா சத்தமாச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேனே" என்று அழுதாள். நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவருக்கு மேலாக ஒரு வார்த்தை போதும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் பைப்படியில் ஒருத்தி உன்னிடம், "போர்டுல என்னமோ போட்டிருக்காங்களாம், கொஞ்சம் வாசிச்சுச் சொல்லேன்" என்று கிண்டல் பண்ணினாள். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்த எல்லாவற்றிலும் கேவலமானது அதுதான். அதற்குப் பிறகு நீ கால் கழுவும் சத்தம் மட்டும்தான் வந்தது.

பன்னிரண்டாம் நாள் உனக்குக் காய்ச்சல் கூடி, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக த்ரீவீல் வந்தது. நான் வாசலில் நின்றேன். ஏறுகிறபோது திரும்பி, "தர்ஷி படிக்குதா?" என்று கேட்டாய். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள் உன் உடம்புதான் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள்.

முதலிலிருந்து தொடங்கினேன். சொற்களைக் கலைத்துக் கலைத்து எழுதி, விரல் வைத்து, அவள் வாயைக் கேட்காமல் கண்ணைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர் வந்தால் வரட்டும் என்று சில நாள் குடத்தைத் தொடவே இல்லை. இப்போது இளையவள் தாளைத் திருப்பினால் தர்ஷி நின்றுவிடுகிறாள், அவளைத் திட்டிவிட்டுப் பக்கத்தைத் தேடி எடுக்கிறாள். வருஷமும் முடியவில்லை, சிங்களப் பள்ளிக்கூடத்துப் பேச்சும் வீட்டில் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் இளையவளின் இருமலுக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவில் சிங்களத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எனக்குப் பேசத்தான் தெரியும். தாளுக்கு முன்னால் நின்று கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன், இப்படியும் அப்படியும். சட்டென்று என்ன செய்கிறேன் என்று உறைத்தது. பின்னால் வரிசையில் நம் தோட்டத்து ஆட்கள், டவுன் ஆட்கள், ஐம்பது பேராவது இருப்பார்கள்.

"மட்ட மேக்க கியவன்ன பே" என்றேன். பிறகு தமிழிலும் சொன்னேன். "எனக்கு இத வாசிக்கத் தெரியாது." லயத்தில் அன்று கத்திய அதே சத்தத்தில் சொன்னேன்.

ஒரு பெண் எழுந்து வந்து வாசித்துக் காட்டினாள். மூன்றாம் நம்பர் அறைக்குப் போக வேண்டுமாம். எனக்குப் பின்னால் நின்றவள், "நானும் வாசிக்கத் தெரியாமத்தான் நிக்கிறேன்" என்று முன்னால் நடந்தாள். நான் உடனே நகரவில்லை. யாராவது சிரிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். உனக்குக் கிடைத்ததில் கொஞ்சமாவது எனக்கும் கிடைக்கட்டும் என்றுதான் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை.