கிள்ளானுக்குத் திரும்பும் டப்பாக்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐஸ்பெட்டியில் என் தட்டில் இனி ஒரு எலுமிச்சம்பழம் வைக்கவும் இடமில்லை. நேற்று கிள்ளானிலிருந்து கிளம்பும்போது அம்மா வழக்கம்போல் டப்பாக்களில் கட்டிக் கொடுத்துவிட்டார். மீன் குழம்பு, கோழிப் பிரட்டல், நெத்திலி சம்பல், கீரை, எதற்கென்றே தெரியாமல் ஒரு டப்பா நிறையப் புளியோதரை. “போதும்மா” என்று மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி கூடியது. இந்த பிரிக்பீல்ட்ஸ் அறையில் இருப்பது நானும் உஷாராணியும்தான். உஷா நர்ஸ், மருத்துவமனை கேன்டீனிலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்பவள்.

இன்று புளியோதரையோடுதான் பங்சார் ஆபிசுக்குப் போனேன். மதியம் பக்கத்து மேசை தனேஷ், “மாதவி, ஜோம் லா, சாப்பிடப் போலாம், கீழ புதுக் கடை திறந்திருக்கு” என்றான். போனேன். புளியோதரை மேசைக்கு அடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மாதக் கடைசியில் என் ஒரு வருட கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று மேனேஜர் சிவநேசனிடம் கேட்டேன். “பார்க்கலாம் லா” என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மீன் குழம்பு கெட்டுவிட்டது. சம்பலும். நாளிதழில் சுற்றி, பையில் போட்டு, இன்னொரு பையில் போட்டு, கீழே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். படியில் எதிரே வந்த உஷா, “கொலை பண்ணிட்டுப் போற மாதிரியே போறியே” என்றாள். டப்பாக்களை அவசரமாகக் கழுவிக் கவிழ்த்தேன்.

நாளையிலிருந்து வெளியே சாப்பிடுவதில்லை. இது உறுதி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெளியே சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிள்ளான். அம்மா ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகத்தருகே கொண்டுபோய், அப்புறம்தான் அலமாரியில் வைக்கிறார். விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது. “எல்லாம் சாப்பிட்டியா?” என்று கேட்டார். “வழிச்சு சாப்பிட்டேன்மா” என்றேன். பொய் எனக்கு இப்போதெல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது.

பக்கத்து வீட்டு வீரம்மா ஆன்டி வந்திருந்தார். நான் பங்சாரில் பெர்மனன்ட் என்று அம்மா அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார். பெர்மனன்டாம்! இங்கே கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கும் தம்புசாமி மாமாவும் வந்தார். கடைக்கு ஒரு பெண் தேவையாம். “வெளியாள் எதுக்கு, நம்ம மாதவி இருந்தா நல்லாருக்கும்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு நாற்பது சேலை பிரிக்க வேண்டும். அத்தனையையும் திரும்ப மடிக்க வேண்டும். எனக்குப் போர்வையே மடிக்க வராது. வேலை போனால் அறை போகும். அறை போனால் அந்தக் கடைதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இனிச் சிக்கனம். ஐஸ் கோப்பி ஒன்று போதும் என்று போனில் ஆர்டர் செய்தேன். இவ்வளவுக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று வந்தது. அதனால் ஒரு கேக்கும் ஒரு சாண்ட்விச்சும் சேர்த்தேன். டெலிவரிக் காசு மிச்சம். கடை எங்கள் படிக்குக் கீழேயே இருக்கிறது. கொண்டுவந்த அண்ணன் என்னையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 28, வியாழன்

யாருக்கோ ஃபேர்வெல் கேக்காம். தனேஷ் வசூலுக்கு வந்தான். பத்து வெள்ளி கொடுத்தேன். யாருக்கு என்று கேட்டதற்கு, “தெரியல லா, வாங்கச் சொன்னாங்க” என்றான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எனக்குத்தான்.

சாக்லேட் கேக். பெயரைக்கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். தனேஷ் முகம் செத்துப்போய்விட்டது. என் பத்து வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வேணாம்னுட்டேன். எதுக்கு வேணாம்னேன்? இனிமே பத்து வெள்ளி வெறும் பத்து வெள்ளியாடி? அம்மாகிட்ட என்னான்னு சொல்லப் போறேன்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சொல்லவில்லை. அம்மா குழம்பு ஊற்றும்போது “போதும்மா” சொல்லவும் மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

மூன்றாம் நாள் மீன் குழம்புக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், நான் பங்சாரில் இருந்திருப்பேன். சட்டியைச் சோறு போட்டு வழிப்பது போல டப்பாவைச் சோறு போட்டு வழித்தேன். மூடியையும் விடவில்லை. பிறகு சும்மா உட்கார்ந்திருந்ததால் எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, வெயிலில் காயவைத்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்டர்வியூ. ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த மாதம் எங்கே இருப்பேன் என்று தெரிந்தால் அங்கிருந்து எண்ணத் தொடங்கலாம். அதைச் சொல்லவில்லை. “தலைமைப் பொறுப்பில்” என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது, அவர்களுக்கும் வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வாயில் வடை இருந்தபோது அம்மா கேட்டுவிட்டார். டப்பாக்களை அடுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“வேலை போயி எத்தன நாளாச்சு?”

யார் சொன்னது என்றேன்.

“யாரு சொல்லணும்? டப்பாவ மோந்து பாத்தா தெரியுது. முந்தியெல்லாம் பாதி டப்பா புளிச்ச வாட அடிக்கும். நாலு நாளு வச்சிருந்து கொட்டிட்டு, தண்ணில காட்டி எடுத்தாருவ. இப்ப மூணு வாரமா புது டப்பா மாதிரி வருது. சம்பளம் வாங்குறப்ப நீ எங்க வழிச்சு சாப்பிட்ட?”

“கொட்டுறேன்னு தெரிஞ்சுமா இவ்ளோ குடுத்தீங்க?”

“பாதிய கொட்டுவேன்னுதான் ரெண்டு பங்கா போட்டேன். ஒரு பங்காச்சும் உள்ள போவுமில்ல?”

அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தார். தம்புசாமி மாமா கடைக்கு எப்போது வர வேண்டும் என்று நானே கேட்டேன்.

“அங்க ஆளெடுத்தாச்சு. பின்னால லோரோங் சந்துல ஒரு பொண்ணு, நாந்தான் போன வாரம் சேத்துவிட்டேன். நீ சேல மடிச்சா மாமா கடைய மூட வேண்டியதுதான். ரூம்லயே இருந்து ஒழுங்கா வேற வேல தேடு. இந்த மாச வாடகைக்கு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். வீரம்மாகிட்ட மட்டும் வாயத் தொறக்காத.”

கிளம்பும்போது, “இத்தன நாள்ல வெறும் டப்பாதான் திரும்பி வந்திருக்கு. ரெண்டு வாழப்பழம் போட்டுக் கொண்டாரணும்னு தோணுச்சா?” என்றார். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராத வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

அக்டோபர் 1, புதன்

வேலை கிடைத்துவிட்டது. இங்கே பிரிக்பீல்ட்ஸிலேயே, கல்யாணக் கார்டு அடிக்கும் அச்சகத்தில். சம்பளம் குறைவு. ஆறு மாதக் கான்ட்ராக்ட். அதற்கப்புறம்? “பார்க்கலாம் லா” என்றார் முதலாளி. இவரும்.

அக்டோபர் 5, ஞாயிறு

வாழைப்பழம் என்ன பெரிய வாழைப்பழம். நானே சாம்பார் வைத்தேன், பெரிய டப்பா நிறைய. உஷா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தனக்கு டியூட்டி இருக்கிறது என்றாள். இன்று அவளுக்கு லீவு. கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா மூடியைத் திறந்து நீண்ட நேரம் பார்த்தார். “நல்ல கலரா இருக்கு” என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

சாம்பார் டப்பா திரும்ப வந்தது. உள்ளே நாலு முறுக்கு.

“சாப்பிட்டீங்களா?”

“அப்பா வழிச்சு சாப்பிட்டாரு” என்றார் அம்மா. கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

இப்போது அறைக்கு வந்து முறுக்கை எடுத்துவிட்டு டப்பாவை மோந்து பார்த்தேன். புளித்த வாடை. நாலு நாள் வைத்திருந்து கொட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் காட்டி எடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் இரண்டு பங்காக வைக்க வேண்டும்.