இடப்பக்கத்து சீட்டு

சகலை,

தோல் மண்டி முதலாளியின் படுக்கை வேன் இன்றைக்கு மறுபடியும் நம் பட்டறைக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் நீயும் நானும் சீட்டு போட்டோமே, பகலில் உட்கார்ந்து ராத்திரியில் விரித்துப் படுக்கிற சீட்டு, அதே வேன். ரப்பர் மெத்தை பொடிந்துவிட்டதாம், புதுசு வைக்கவேண்டுமாம். வலப்பக்கத்து உறையைப் பிரித்ததும் பழைய ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. உன் ஞாபகம் வந்தது. கூடவே என் வயிற்றெரிச்சலும் வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகியும் அது போகவில்லை.

மறைத்து என்ன ஆகப்போகிறது? உன்னைக் கண்டாலே எனக்குப் பொறாமை. ஆம்பூர் பூராவும் உன் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வருவார்கள். இடது கையால் நீ வளைஊசி ஓட்டுவதை வேடிக்கை பார்க்கவே டிரைவர்கள் நிற்பார்கள். நாட்றம்பள்ளியில் மாமனார் வீட்டுக்குப் போனால் முதல் இலை மூத்த மாப்பிள்ளையான உனக்கு. சரி, அது முறை. உனக்கு மட்டும் மாமியார் கேட்காமலே மூன்றாவது வடை வைப்பாரே, அது எந்த முறை? வீடு திரும்பினால் என் பெண்டாட்டி, "மாமா இன்னா பொறுமையா பேசுறாரு, நீயும் இருக்கியே" என்பாள்.

அந்த வேனில்தான் உன்னை ஒரே ஒரு தடவை ஜெயித்தேன். அதுவரை நமக்குத் தெரிந்தது தேங்காய் நார்; ரப்பர் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. வலப்பக்கத்து சீட்டு உனக்கு, இடப்பக்கம் எனக்கு. வண்டி நாகூர் போய்த் திரும்பியதும் முதலாளி வீட்டம்மா சொல்லி அனுப்பினார்: "இடப்பக்கத்து சீட்டுதான் ஜாஸ்தி சொகம்."

விடுவேனா? பண்டிகைக்குப் பண்டிகை, பந்தியில், மாமனார் காதில் விழும்படி அதையே சொன்னேன். நீ சோற்றைப் பிசைந்தபடி, "ஆமா சகலை, உன் சீட்டு நல்லா வந்துச்சு" என்பாய். உனக்கும் எரிகிறது என்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

இன்று என் சீட்டையும் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்தேன். உறையின் வாயை மூடிய தையல், என் தையல் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது கைத் தையல். பிரித்தால், ரப்பரைச் சுற்றி நாலு பக்கமும் அரை அங்குல ரப்பர் பட்டை, சொலூஷன் போட்டு ஒட்டியிருந்தது. நார் அடைக்கிற பழக்கத்தில் நான் பலகை அளவுக்கே ரப்பரை வெட்டியிருக்கிறேன். உறையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி அமுக்கி நுழைத்தால்தான் சீட்டு தொய்யாது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்கிறது; உன் சீட்டில் கால் அங்குலம்தான் கூட்டியிருந்தாய், என் சீட்டில் அரை. நான் சாப்பிடப் போன நேரத்தில் பிரித்து, சரிசெய்து, மூடிவிட்டாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஒன்றையாவது எனக்கென்று விட்டிருக்கக் கூடாதா? பந்தியில் ஒரு தடவையாவது என் வாயை அடைத்திருக்கலாமே. அடைக்காமல் சாப்பிட்டு எழுந்தாயே, அந்த மனசைப் பார்த்து இப்போது புதுசாகப் பொறாமை.

டிரைவர் பாய் குனிந்து பார்த்து, "இடப்பக்கம் உங்க வேலைதானே? நீங்களே சொல்வீங்களே" என்றார்.

"இல்ல பாய். ரெண்டும் எங்க சகலை போட்டது."

சொல்லிவிட்டுப் புது மெத்தையை அரை அங்குலம் கூட்டி வெட்டினேன். உன் தையல் நூலில் ஒரு சாண் சட்டைப்பையில் இருக்கிறது. பொங்கலுக்கு நாட்றம்பள்ளி போகும்போது உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வராவிட்டால் அதை எடுத்துக் காட்டலாம். மாமியார் அழுவார். அழுதுகொண்டே மூன்றாவது வடையை என் இலையில் வைத்தாலும் வைப்பார். அதுவும் உன்னால் வந்ததாகத்தான் இருக்கும்.