தனகோடி காரில் கேட்காத சத்தம்

ரேணுகா,

தனகோடி வந்தால் அவருடைய பழைய அமெரிக்கக் காரின் சாவியைக் கொடுத்துவிடு. டிவி மேல் இருக்கிறது. வேறு ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்.

இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ராடை மாற்றி, நேற்று உப்பளத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்து, சத்தம் நின்றுவிட்டது என்றேன். அவரும் ஒரு சுற்று போய் வந்தார். முகத்துக்கு நேரே நின்று, "ஏம்பா, அப்டியே கடகடன்னு இருக்குது, உனக்குக் கேக்கலையா?" என்றார்.

கீழே படுத்துக் கையை வைத்துப் பார்த்தேன். ராடு ஒரு விரல் அளவு குட்டை. சேருமிடத்தில் ஆடியது. அந்தச் சத்தம் எனக்குத் துளிகூடக் கேட்கவில்லை. இனி எந்த வண்டியைத் தொட்டாலும் இப்படித்தான்.

நீ கூப்பிட்டு நான் திரும்பாததெல்லாம் வீம்பு இல்லை. போன காது திரும்பாது, மிச்சமும் போய்விடும் என்று டாக்டர் பொங்கலுக்கே சொல்லிவிட்டார். "என்கூட பேசவே புடிக்கலையா உங்களுக்கு" என்று நீ அழுத அன்றும் சொல்லத் தைரியம் வரவில்லை.

உப்பளத்தில் மூட்டை தைக்கும் வேலை கேட்கப் போகிறேன். தருவார்களா தெரியாது. மீன் குழம்பைச் சுட வைத்துவிட்டேன், சாப்பிடு.

ஜெயசீலன்

காலையில் அடுப்படியில் நீ ஏதோ சொன்னாய், நான் சரியென்று தலையாட்டினேன். என்ன சொன்னாய் என்று இதன் பின்பக்கம் எழுதி வை.