செல்வத்தின் மகளுக்கு ஒரு பாட்டு வேண்டும், நஞ்சா

அன்பு நஞ்சனுக்கு,

நீ மறைந்து ஓராண்டு ஆகிறது. நீ போனது 2006 மார்ச், இரண்டாம் வெள்ளிக்கிழமை. நம் அறை ஜோசப் சனிக்கிழமை என்று சாதிக்கிறான். அது அவனுக்குச் செய்தி எட்டிய நாள். அன்று அவன் அல் அயினில் டூட்டியில் இருந்தான். இதைக்கூட நான்தான் திருத்த வேண்டியிருக்கிறது.

அபுதாபியின் இந்த முசஃபா முகாமில் உன் கட்டிலில் இப்போது செல்வம் படுக்கிறான். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், சாரம் கட்டுபவன். சென்ற மாதம் ஊரில் அவனுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். விசா கொடுத்த முதலாளி, கஃபீல், வெளிநாட்டில் இருந்தார். பாஸ்போர்ட் அவருடைய பெட்டகத்தில் இருந்தது. அவர் திரும்பியபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. "இனிமே போயி என்னா சார்" என்றான். அதற்குப் பிறகு வெகுநாள் வாய் திறக்கவில்லை. உண்பதில்லை, உறங்குவதில்லை, அந்தக் கண்களோடு உயரத்தில் ஏறினான். ஃபோர்மேனிடம் மன்றாடி, அவனை என் ஸ்டோருக்கு இறக்கி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு விடுவார்கள்?

நீ இருந்திருந்தால் கட்டில்களைச் சுவரோரம் தள்ளியிருப்பாய். துக்கப்பட்டவனை நடுவில் அமர்த்தி, மற்றவர்களைச் சுற்றிவரச் செய்து, காலிப் பெயின்ட் டின்னில் தாளமிட்டு, உன் இருளர் பதியின் சாவுப்பாட்டு மெட்டில் புதிதாக ஒன்றைக் கட்டியிருப்பாய். உன் மொழி எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே பலரைப் பிழைக்க வைத்தது. முதல் அடி எப்போதும் இறந்தவரோடு போடும் சண்டை; அதைச் சாவு வீட்டுக்காரன்தான் தர வேண்டும் என்பது உன் விதி. "அவரு வாயத் தொறக்காம நா எங்கே பாடறது மாமா? மொதல்ல திட்டட்டும்" என்பாய். ஜோசப், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிடிவாதம் பிடித்த தன் தாயைத் திட்டினான். நீ அதைப் பாட்டாக்கினாய். அன்று அவன் அழுது, சிரித்து, இரண்டு முறை சோறு கேட்டான்.

அந்தப் பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறான். அதுதான் வினையாயிற்று. சென்ற வெள்ளிக்கிழமை செல்வத்தின் அருகில் டேப்பை வைத்தான்.

"கேளு மக்கா, மனசு லேசாவும். எங்க அம்மைக்கு நஞ்சன் பாடுனது."

உன் குரல் எழுந்தது. ஜோசப்பின் தாய் பெயர் வந்த இடத்தில் செல்வம் துள்ளி எழுந்தான்.

"எந்தக் கெழவியோ போன வழியில எம் புள்ளைய அனுப்புறியா? அவ இருட்டுன்னாலே பயப்படுவாய்யா!"

வெறுங்காலோடு வெளியே போய்விட்டான். ஜோசப் என்னைப் பார்த்தான். "நல்லதுக்குத்தானே செய்தேன் அண்ணாச்சி?"

நல்லதற்குத்தான். ஆனால் ஒருவரை வழியனுப்பிய பாட்டு இன்னொருவருக்கு ஆகாது என்று நீ சொன்னதை நாங்கள் காதில் வாங்கவே இல்லை. ஒருவரும் சொல்லாமலே செல்வத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

இனி யார் பாடுவது? நான் பாடகனும் அல்லன், உன் இனத்தவனும் அல்லன். உங்கள் முறையில் நான் கைவைக்கலாமா என்று கோத்தகிரியில் இருக்கும் உன் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். "அண்ணன் இருந்தா பாடச் சொல்லியிருக்கும். பேரை மட்டும் தப்பாக் கூப்பிட்டுறாதீங்க" என்றான். அனுமதி கிடைத்தது, என் நடுக்கம் இரட்டிப்பாயிற்று. முதல் அடி தர வேண்டியவனோ பேச மறுக்கிறான். ஊமையிடம் எப்படி அடி கேட்பாய், நஞ்சா?

இன்று காலை ஸ்டோரில் இருவரும் கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே தொடங்கினான்.

"செருப்பே போட மாட்டா சார். முள்ளு குத்தும்டின்னா சிரிச்சிக்கிட்டு ஓடுவா. இப்ப எப்படி நடப்பா? சொல்லுங்க, எப்படி நடப்பா? சொன்ன பேச்சு கேக்காத கழுத!"

நான் அடுக்குவதை நிறுத்தவில்லை. நான் பேசினால் அவன் நிறுத்திவிடுவானோ என்று பயம். அவன் முகம் துடைத்த பிறகே பெயரைக் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல தேன்மொழி. அப்படிக் கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டா. தேனுன்னாதான் திரும்பிப் பாப்பா."

நாளை மறுநாள் வெள்ளி. என் குரல் கரகரக்கும், ஜோசப் டின்னை அவசரமாக அடிப்பான். செல்வம் நடுவில் வந்து அமர்வானா, பாதியில் எழுந்து போவானா, எனக்குத் தெரியாது. பழகிப் பார்க்கலாம் என்றால், சாவுப்பாட்டை ஒத்திகை பார்க்கக் கூடாது என்று நீதானே சொன்னாய்? ஆனாலும் செருப்பில் தொடங்குவேன், நஞ்சா. தேனு என்றே அழைப்பேன். அவள் திரும்பிப் பார்த்தாள் என்று அவள் அப்பன் சொல்லும்வரை அழைத்துக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ மாமா என்று கூப்பிட்டதால் மாமனான,
சிவசுப்பிரமணியன்
முசஃபா, புதன்கிழமை